முதல் பிழையை மறைத்த வீடு

1

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடாது. அந்த நேரம் மதுரையில் சாயங்காலம். அம்மா காபி குடித்துவிட்டு, நாகமலை புதுக்கோட்டை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஜெர்மனியில், நியூரன்பெர்க் நகரத்தில், நாலாவது மாடி அடுப்படியில் நின்றபடி தொண்டையைச் செருமிச் செருமி ஒரு சிரித்த குரலைத் தயார்செய்துகொண்டிருப்பேன்.

போன வருடம் என் தம்பி குமார் சார்ஜாவில் இறந்துபோனான். அது அம்மாவுக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரு வருடமாக என் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு இது ஒன்றும் அதிசயமாக இருக்காது. நம் வீடுகளில் வழக்கம்தானே. பரீட்சை முடியட்டும், பிரசவம் முடியட்டும், ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று சாவுச் செய்தியைக்கூடத் தள்ளிவைக்கிறவர்கள் நாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ‘இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்’ என்று ஊரில் சொன்னால், எந்தக் குரல் குறைகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். இத்தனை காலம் நான் அப்படிக் கேட்கிற இடத்தில் இருந்தேன். இந்தத் தடவை மறைக்கிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அவள் ஐசியூவில் கிடந்தபோது, சார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த குமார் வேலை முடிந்து அறைக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. அம்மாவின் நெஞ்சைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் அவனுடையது நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவன். அம்மாவுக்கு அவன்தான் செல்லம். நானும் அண்ணனும் அதை எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டோம்.

அண்ணன் பாண்டிதான் போனில் சொன்னான்.

“பாப்பா, நம்ம குமாரு போயிட்டான். அம்மாகிட்ட மூச்சு விட்றாத. அதிர்ச்சியான சேதி எதுவும் சொல்லக் கூடாதுன்னு டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு. நீ பாட்டுக்குக் கெளம்பி வந்துறாத, என்ன? நீ திடீர்னு வந்து நின்னா அம்மாவுக்குச் சந்தேகம் வந்துரும்.”

அதனால் என் தம்பியின் சாவுக்கு நான் போகவில்லை. குமாரோடு ஒரே அறையில் இருந்த ஜாகிர், மதுரை கோரிப்பாளையத்துக்காரர், போலீஸ், ஆஸ்பத்திரி, தூதரகம் என்று அலைந்தார். இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, பாஸ்போர்ட் ரத்து என்று ஒவ்வொரு முத்திரையாக வாங்கிப் பெட்டியை விமானத்தில் ஏற்றினார். உயிரோடு இருக்கிற மனிதன் நாட்டுக்குத் திரும்ப ஒரு டிக்கெட் போதும்; செத்தவனுக்கு அத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது. பெட்டி மதுரையில் இறங்கி, வீட்டுப் பக்கமே போகாமல், நேராகத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போனது. அண்ணன் கொள்ளி வைத்ததை நான் போனில் பார்த்தேன். அப்போது அதே ஊரில் அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தேறட்டும், பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் மதினிக்கு, அதாவது பாண்டியண்ணன் மனைவிக்கு, இன்றுவரை புரிந்ததில்லை. “அரசி, பெரியவன் லேப்டாப்பு சொணங்குது, என்னன்னு பாரேன்” என்பார். அட, எனக்கு அதெல்லாம் தெரியாது மதினி, நான் அதற்கும் அடியில் இருக்கிறவள் என்றால் சிரிப்பார்.

நான் எழுதுவது கர்னல்: கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல், அதாவது புரோகிராம். மெமரியைப் பங்கிடுவது, டிஸ்க்கில் எழுதுவது, யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மேலே ஓடுகிற சாதாரண நிரல் ஒன்று தப்புச் செய்தால், கர்னல் அதைக் கொன்று அப்புறப்படுத்திவிட்டு மற்றவர்களைப் பார்க்கப் போய்விடும். கர்னலே தப்புச் செய்தால்? அதற்கு மேலே ஆள் கிடையாது. தன் தப்பைத் தானே கண்டுபிடித்து, என்ன செய்வதென்று தானே முடிவெடுக்க வேண்டும். என் வேலை அந்த முடிவுகளை முன்கூட்டியே எழுதிவைப்பது.

நடக்கவே முடியாத ஒன்று நடந்திருக்கிறது என்று தெரியவந்தால் பெரும்பாலும் இரண்டு வழிதான். ஓர் எச்சரிக்கையைப் பதிந்துவிட்டு வேலையைத் தொடரலாம். இல்லையென்றால் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்தலாம். நிறுத்துவதற்கு எங்கள் தொழிலில் பேனிக் என்று பெயர். பெயர்தான் அப்படி, அதில் பதற்றமே இருக்கக் கூடாது. இனி டிஸ்க்கில் ஓர் எழுத்தும் எழுதாதே, யாருக்காகவும் காத்திருக்காதே, தெரிந்ததைச் சொல்லிவிட்டு நில். அவ்வளவுதான் சட்டம். காத்திருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கர்னலுக்குள் ஒரு வேலை தன் இடத்தை மற்றவை தொடாதபடி ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தால், இன்னொரு வேலை அது விடும்வரை காத்திருக்கும். பூட்டை வைத்திருந்தது செத்துப்போனால், காத்திருப்பது காத்துக்கொண்டே இருக்கும். அது வரப்போவதில்லை என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள்.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளின் ஸ்கேன் படங்களைச் சேமித்துவைக்கும் சர்வர்களைச் செய்கிறது. நின்றுபோனால் வாடிக்கையாளர் குதிப்பார். அதனால், முடிந்தவரை நிறுத்தாதே என்பதுதான் எங்கள் குழுவின் பழக்கம். பல இடங்களில் அது சரியான பழக்கமும்கூட. இளம் பொறியாளர்கள் யாராவது பேனிக் என்று ஒரு வரியை எழுதிக்கொண்டு வந்தால் நான்தான் முதலில் பாய்வேன். இந்தத் துக்கடா விஷயத்துக்கு ஓடுகிற மெஷினைச் சாகடிப்பீர்களா, எச்சரிக்கையைப் போட்டுவிட்டுத் தொடருங்கள் என்பேன். நல்ல பெயரும் வாங்கியிருக்கிறேன்.

3

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, குமாரு ஏன் கூப்பிடல. அவன் தினமும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். ‘என்னம்மா கொழம்பு?’ என்பதைத் தவிர அவனுக்குக் கேட்கத் தெரியாது. அம்மாவும் ஒவ்வொரு நாளும் குழம்பைச் சொல்லித்தான் அன்றைய கதையை ஆரம்பிப்பாள்.

“கடலுக்குள்ள எண்ணெய்க் கெணத்துல வேல போட்ருக்காகம்மா. அங்கன டவரு கெடைக்காது” என்றான் அண்ணன்.

அம்மா சில வாரம் பொறுத்தாள். அப்புறம் என்னைப் பிடித்தாள். “ஏன்டி அரசி, நெலாவுல எறங்குனவனெல்லாம் பேசுறான், கடல்ல கெடக்குறவனுக்கு டவரு இல்லையாக்கும்? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு பாப்போம்.”

நான் படித்தவள். சாட்டிலைட், சிக்னல், கம்பெனிக் கட்டுப்பாடு என்று அடுக்கினேன். அம்மா பாவம், நம்பினாள். நான் நன்றாகச் சொன்னேன் என்று மதினி பாராட்டினார்.

அதற்கும் வாய்தா முடிந்தது. ஒருநாள் ஜாகிர் எனக்குப் போன் செய்தார். “அக்கா, ஒங்க மதினி ஒண்ணு கேக்குறாக. நான் குமாரு மாதிரி ரெண்டு வார்த்த பேசணுமாம். லைன் சரியில்லாத மாதிரிக் கரகரன்னு பேசுனாப் போதுமாம். எனக்கு மனசு வரலக்கா. மௌத்தாப் போனவன் குரலை நான் எப்புடிக்கா எடுப்பேன்? அல்லா என்னையக் கேக்க மாட்டானா?”

“வேண்டாம் தம்பி, நீங்க பேசாதீங்க” என்றேன். போனை வைத்ததும் மதினியைக் கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டேன். மதினி அழுதுவிட்டார்.

“நீ ஞாயித்துக்கெழம மட்டும் பேசுற அரசி. நான் பொழுதன்னைக்கும் அவுக மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன். காலையில எந்திரிச்சதும் போனு வந்துச்சா, படுக்கப் போகையில போனு வந்துச்சா. என்னத்தச் சொல்லச் சொல்ற என்னைய?”

அடுத்த வாரம் மதினி தானாகவே ஒன்றைச் சொல்லிவிட்டார். அத்தை, ஒங்க மகன் அங்கன ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டாரு, ஒங்க மொகத்துல முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் பேசாம இருக்காரு என்று. கேட்டதும் அம்மா கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. சரி, இதோடு அடங்கும் என்று நினைத்தோம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் குரல் கணகணவென்று இருந்தது.

“அதுக்கு என்னடி இப்ப? எந்தச் சாதியா இருந்தா என்ன, எந்த நாட்டுக்காரியா இருந்தா என்ன? இந்த வயசுல அவனுக்குன்னு ஒருத்தி கெடைச்சாளே! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. கூட்டியாரச் சொல்லு. டவுனுக்குப் போயி ஒரு சேலை எடுத்து வச்சிருக்கேன், பச்சைக் கலருல. அவ செவப்பா, மாநெறமா, அது தெரியாம எடுத்துட்டேன்.”

நாங்கள் அம்மாவைச் சரியாக எடைபோடவில்லை. கோபப்படுவாள் என்றுதான் நினைத்தோம். மன்னிப்பாள் என்று நினைக்கவேயில்லை. மன்னித்துவிட்டாள் என்றால் அவன் வந்தாக வேண்டுமே. கடைசியில் அண்ணன் வேறு வழி தெரியாமல், “அவனுக்கு நம்ம சவகாசமே வேண்டாமாம்மா” என்று சொல்லிவிட்டான்.

அதன் பிறகு அம்மா மாறிப்போனாள். கூடத்தில் மாட்டியிருந்த அவன் போட்டோவைக் கழற்றிப் பரணில் போடச் சொன்னாள். அவன் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டு ‘அந்த நாயி’ என்று சொல்ல ஆரம்பித்தாள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“யோசிச்சுப் பாத்தா அவன் சின்னதுலருந்தே அப்புடித்தான்டி. பள்ளிக்கூடம் விட்டு வந்து என் முந்தானையப் புடிச்சுக்கிட்டே திரிவான்ல? அம்புட்டும் நடிப்பு. எனக்குத்தான் வெளங்கல.”

ஆத்தாடி, என்று மட்டும்தான் எனக்கு வாயில் வந்தது.

4

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் ஓடிவந்து ‘அம்மாச்சி, சாப்ட்டீங்களா’ என்று கேட்டுவிட்டுப் போவாள். இந்த வருடம் வருவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொள்வாள். எல்லாம் முடிந்தது, தமிழ் போச்சு, சொந்தம் போச்சு என்று இங்கே இருக்கும் தாய்மார்கள் கூடினால் புலம்புகிற புலம்பலை நானும் புலம்பினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளிடமே கத்தினேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது. கீழ்வீட்டுக்காரர் கைத்தடியால் கூரையைத் தட்டினார்.

யாழினி பாதி ஜெர்மன், பாதித் தமிழில் சொன்னாள். “அம்மாச்சி மாமாவப் பத்திக் கேப்பாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். பொய் சொல்ற அளவுக்கு எனக்குத் தமிழும் தெரியாது.”

அப்புறம், “உன்னால எப்படிம்மா முடியுது?” என்று கேட்டாள். திட்டுகிற மாதிரி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைக் கழுவினேன்.

5

இந்த வருடம் சித்திரை முடிந்த சமயத்தில் ஒரு புகார் என் மேசைக்கு வந்தது. எங்கள் சர்வர் ஓடுகிற ஓர் ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டர் நோயாளியின் பழைய ஸ்கேன் படத்தைத் திறந்திருக்கிறார். பெயர் சரியாக இருக்கிறது. உள்ளே இருந்த எலும்பு வேறு யாருடையதோ.

நானும் என் மூத்த சகா ஹென்ரிக்கும் உட்கார்ந்து பதிவுகளைப் பின்னோக்கிப் படித்தோம். எச்சரிக்கைகள் மலைபோலக் குவிந்துகிடந்தன. எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: எத்தனை பிழை இருந்தாலும் முதல் பிழையை மட்டும் தேடு. மற்றதெல்லாம் அதன் குட்டிகள். முதல் பிழை விழுந்ததும் கர்னல் தன்மேல் தானே ஒரு கறையைக் குறித்துக்கொள்ளும். இதற்கு மேல் நான் சொல்வதை நம்பாதீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

முதல் பிழை பல வாரங்களுக்கு முன்னால் இருந்தது. டிஸ்க்கில் எந்த இடம் காலி, எந்த இடத்தில் ஆள் இருக்கிறது என்று காட்டும் கணக்கில் ஒரு முரண். நடக்கவே முடியாதது. அந்த இடத்தில் மெஷினை நிறுத்தியிருந்தால் ஆஸ்பத்திரி அரைநாள் திண்டாடியிருக்கும், எங்களைத் திட்டியிருக்கும், அதோடு போயிருக்கும். மெஷின் நிற்கவில்லை. எச்சரிக்கையை எழுதிவிட்டுத் தொடர்ந்தது. ஆள் இருக்கும் இடங்களையெல்லாம் காலி என்று நம்பி, நல்ல பழைய படங்களின்மேல் புதியவற்றை எழுதிக்கொண்டே போனது. தினசரிக் காப்புப் பிரதியும் தன் கடமையைச் செய்து, கெட்டுப்போனதை எடுத்து நல்லதன் இடத்தில் வைத்திருந்தது. பழைய படங்களில் பலவற்றை மீட்க வழியில்லை.

“மெஷின் சாகவில்லை” என்றார் ஹென்ரிக். “ஆனால் எதைக் காப்பாற்ற அதை வைத்தோமோ, அதை அதுவே அழித்துவிட்டது.”

அவர் சர்வரைத்தான் சொன்னார். எனக்கு அம்மாவின் முந்தானை ஞாபகம் வந்தது. அம்மா செத்துப்போய்விடக் கூடாதே என்று பயந்தோம். அவளைச் சாகாமல் வைத்திருக்கிறோம். அவளுக்குள் குமார் இருந்த இடத்திலெல்லாம், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த பையன்மேல்கூட, வேறு எவனையோ எழுதிக்கொண்டிருக்கிறோம். செத்தவனைத் திரும்பவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறோம் என்று தோன்றியது.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னாள். “வார வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கீழக்குயில்குடி அய்யனாருகிட்டப் போறேன். மண்ணு வாரித் தூத்திட்டு வாரேன். பெத்தவ வயித்தெரிச்சல் அவனைச் சும்மா விடுமா?”

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாங்க முடியாத துரோகத்துக்கு ஆளானவர்கள் சாமிக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரி வீசி, இன்னார் விளங்காமல் போகட்டும் என்று சபிப்பார்கள். சொந்தப் பிள்ளைக்கு யாரும் அதைச் செய்து நான் பார்த்ததில்லை. வீசிய மண்ணைத் திரும்ப எடுக்க முடியாது என்பது நம்பிக்கை. குமாரின் முதல் வருடத் திதியும் அதே வாரத்தில் வந்தது. அதை அம்மாவுக்குத் தெரியாமல் எங்கே வைத்துக் கொடுப்பது என்று அண்ணன் இடம் தேடிக்கொண்டிருந்தான்.

“போயி வீசிட்டு வரட்டும் பாப்பா” என்றான் அண்ணன். “செத்தவனைச் சாபம் என்ன செய்யும்? அவுக மனசாச்சும் ஆறும்.”

“அண்ணே, அது நம்ம குமாருண்ணே.”

“தெரியும்டி. நான்தான கொள்ளி வச்சேன்? சொல்லி, அவுக நெஞ்சு நின்னுபோச்சுன்னா? நீ சொல்லிட்டுப் பிளேனு ஏறிருவ. இருந்து பாக்குறது நாங்கதான?”

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் செத்துப்போகலாம். ஆனால் சொல்லாவிட்டால் அவள் எப்படியும் ஒருநாள் சாவாள், பெற்ற பிள்ளையைச் சபித்த வாயோடு. இரண்டில் எது பெரியது என்று எனக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. கடைசியில் டிக்கெட் போட்டேன்.

அலுவலகத்தில் விடுப்புக் கேட்கப் போனேன். அங்கே நெருங்கிய உறவினர் இறந்தால் தனி விடுப்பு உண்டு. விடுப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்த பெண்மணி பரிவானவர். யார் என்று கேட்டார். தம்பி என்றேன். எப்போது என்றார். போன வருடம் என்றேன். அதற்குரிய காலம் தாண்டிவிட்டதே என்று தயங்கினார். என் அம்மாவுக்கு இன்னும் தெரியாது, இப்போதுதான் சொல்லப் போகிறேன் என்றேன். நான் ஜெர்மன் மொழியில் ஏதோ உளறிவிட்டேன் என்று நினைத்து, ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்திலும் அதேதான் வந்தது. அப்புறம் என்னுடைய சாதாரண விடுமுறையிலேயே எழுதிக்கொண்டார்.

7

வியாழக்கிழமை வீட்டு வாசலில் போய் இறங்கினேன். “என்னடி, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிற?” என்று அம்மா என் கன்னத்தைத் தடவினாள். மெலிந்திருந்தாள். அன்று முழுக்க மதினி எங்கள் இருவரையும் தனியாக விடவேயில்லை. நான் வாயைத் திறந்தால் காபி கொண்டுவருவார். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் காரில் போனோம். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அவன் சட்டைப் பையில் இருந்தது. நான் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவனுக்கும் தெரியும். வழியெல்லாம் அவன் என்னைப் பார்க்கவில்லை. மலையடியில் இறங்கினோம். தாமரைக் குளத்தைச் சுற்றிக்கொண்டு அம்மா முன்னால் நடந்தாள். நெஞ்சு நோவு வந்தவள் மாதிரியே இல்லை, அம்புட்டு வேகம். அய்யனார் முன்னால் கும்பிட்டுவிட்டு, வெளியே ஆலமரத்துப் பக்கம் வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு கையிலும் மண்ணை வாரினாள்.

நான் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

“விடுடி.”

“அம்மா, வேணாம்மா. தம்பி இல்லம்மா. போன வருசமே போயிட்டான். நீ ஆஸ்பத்திரில இருக்கப்பவே போயிட்டான்.”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவன் ஆலமரத்தில் சாய்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான். அதைவிட வேறு சாட்சி அவளுக்குத் தேவைப்படவில்லை.

“கல்யாணம் கட்டுனான்னீக?”

“இல்லம்மா.”

“அந்தப் புள்ள?”

“அப்படி யாருமே இல்லம்மா. நாங்களாச் சொன்னது.”

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அப்ப என்கூடப் பேசப் புடிக்காம இல்ல?”

“இல்லம்மா. செத்துப்போனதாலதான் பேசல.”

“அதானே!” என்றாள் அம்மா. சத்தமாக, ஏதோ வழக்கில் ஜெயித்துவிட்டவள் மாதிரி. முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது. கடவுளே, நான் அதைப் பார்த்தேன். “அதானே பாத்தேன்! உசுரோட இருந்தா எம்புள்ள எனக்குப் பேசாம இருப்பானாடி?”

அதற்குப் பிறகுதான் செய்தி அவளுக்குள் இறங்கியது. கையிலிருந்த மண் என் கால்மேல் கொட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அண்ணன் மாத்திரையோடு ஓடிவந்தான். அவள் அதைத் தட்டிவிட்டாள்.

8

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். அம்மாவுக்குச் சொல்லியாயிற்று என்று அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் பெண்கள் ஒவ்வொருவராகக் கேதம் கேட்க வந்தார்கள். ஒரு வருடமாக இந்த வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் வாயைக் கட்டிக்கொண்டு போனவர்கள். பால் ஊற்றுகிறவர், எதிர்வீட்டு டீச்சர், பக்கத்துக் கடைக்கார அம்மா எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்களுக்காகத்தான் சொல்லலக்கா, மனசக் கல்லாக்கிக்கங்க” என்றார்கள்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டே காபி கலந்துகொண்டிருந்தார். அண்ணன் போனில் திதிக்கு ஐயர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் யார் கண்ணிலும் புதுத் தண்ணீர் இல்லை. எல்லோரும் போன வருடமே அழுதிருந்தார்கள்.

“அம்புட்டுப் பேரும் அழுது முடிச்சிட்டீகளா?” என்று அம்மா கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது. “எனக்கு இன்னைக்குத்தான எம்புள்ள செத்துருக்கான். கூட ஒக்காந்து அழக்கூட ஒரு ஆளில்லாமப் பண்ணிட்டீகளேடி.”

வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதினி அடுப்படியை விட்டு வரவில்லை.

“நான் இன்னும் அழலம்மா” என்றேன்.

சொல்லும்போதுதான் எனக்கே அது தெரிந்தது. சாவுக்கு வர விடவில்லை. வாராவாரம் அவளோடு பேச வேண்டியிருந்ததால் குரல் கெடக் கூடாது என்று அடக்கி அடக்கி, அதற்கு நேரமே இல்லாமல் போயிருந்தது.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உட்கார்ந்திருந்த பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“வாடி” என்றாள்.